ஹிரோஷிமாவில் பார்த்ததும் ஹம்ப்ரிகஞ்சில் பார்த்ததும்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்து, உட்கார்ந்து, எழுந்து போய்விட்ட விஷயம் இது. கொஞ்சம் நீளமாக இருக்கும். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் கொஞ்சம் கொசுவர்த்தி. 2013-ல் வேலைப் பயிற்சிக்காக மூன்று மாதம் ஹிரோஷிமாவில் இருந்தேன். வாரநாளில் வேலை, ஞாயிறு ஊர் சுற்றல். சைவச் சாப்பாட்டுக்குப் பட்ட பாட்டை வேறொரு நாள் சொல்கிறேன். அங்கே போனவர்கள் எல்லோரும் போகிற இடத்துக்கு நானும் போனேன். அமைதி நினைவு அருங்காட்சியகம், 1955-ல் திறந்தது. அப்போது நுழைவுச்சீட்டு வெறும் 50 யென் (இப்போது 200). உடம்பிலிருந்து தோல் தொங்க நடந்து வரும் பொம்மை உருவங்களை அப்போது வைத்திருந்தார்கள். 2017-ல் எடுத்துவிட்டார்களாம். எனக்கு அந்தப் பொம்மைகள் ஞாபகத்தில் நிற்கவில்லை. நின்றது ஒரு சாப்பாட்டு டப்பா. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் காலையில் எடுத்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த சோறு கரியாகியிருக்கிறது. பையன் சாப்பிடவில்லை. இரண்டு பிள்ளை பெற்றவன் அதற்கு முன்னால் நின்றால் என்ன ஆவானோ அதுதான் எனக்கும் ஆனது.

அங்கே ஒரு வயசான தன்னார்வ வழிகாட்டி இருந்தார். இந்தியா என்று சொன்னதும் எழுந்து நின்று குனிந்து, 'பால்-சான்' என்றார். எனக்கு முதலில் ஆவின் ஞாபகம்தான் வந்தது. அவர் சொன்னது ராதாபினோத் பால். 1946 முதல் 1948 வரை நடந்த டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில், குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித்தீர்ப்பு எழுதிய நம் ஊர் நீதிபதி. 2005-ல் அவருக்கு யாசுகுனி கோயிலில் நினைவுக்கல்லே வைத்துவிட்டார்கள். பொதுமக்களுக்கு ஜப்பானியப் படை இழைத்த கொடுமைகளுக்குச் சாட்சியம் குவிந்து கிடக்கிறது என்றும் அதே தீர்ப்பில் பால் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பற்றி அன்றைக்கு அவரும் பேசவில்லை, எனக்கும் தெரியாது. இந்தியாவும் ஜப்பானும் எப்போதும் நண்பர்கள் என்றார். ஆமாம் ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.

இன்னொரு ஞாயிறு பக்கத்திலுள்ள குமானோ என்ற ஊருக்குப் போனேன். ஜப்பானில் தயாராகும் தூரிகைகளில் பத்துக்கு எட்டு அந்தச் சின்ன ஊரில் செய்கிறார்கள். விளைச்சல் போதாத விவசாயிகள், வேலை தேடி வெளியூர் போய்த் திரும்பும்போது நாரா பக்கம் தூரிகையும் மையும் வாங்கி வழியெல்லாம் விற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்புறம் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். தூரிகைக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் ஒரு அம்மா உட்கார்ந்து முடியைப் பிரித்துக்கொண்டே இருந்தார். முடியின் நுனியைக் கத்தரிக்கவே கூடாதாம். இயற்கையான நுனியை அப்படியே வரிசைப்படுத்திக் கட்ட வேண்டும், தலைகீழாக நிற்கும் முடியைக் கத்தி நுனியால் எடுத்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். இவ்வளவு பொறுமையான மக்கள் உலகத்தில் உண்டா என்று தங்கமணிக்குப் போன் போட்டுப் புலம்பினேன். 'ஏங்க, வீட்ல சட்டைப் பட்டன் தைக்க ஒரு வாரமா சொல்லிட்டு வந்தேனே' என்று பதில் வந்தது. (பட்டனை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறது.)

கொசுவர்த்தி முடிந்தது. இப்போது வேலை கொண்டுவந்து போட்டிருக்கும் இடம் தெற்கு அந்தமானில் பெரார்கஞ்ச். கஞ்ச் என்றால் இந்தியில் சந்தை. பெரார் என்பவர் 1923 முதல் 1931 வரை இந்தத் தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த வெள்ளைக்காரர். நல்ல வண்ணத்துப்பூச்சிப் பைத்தியம், அந்தமான் நிக்கோபார் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1948-ல் ஒரு பெரிய கட்டுரையே எழுதியிருக்கிறார். சுற்றிலும் விம்பர்லிகஞ்ச், கேடில்கஞ்ச் என்று இப்படித்தான் பெயர்கள். நடுவில் திரூர், மஞ்சேரி, காலிகட் என்று மலையாளம் தலைகாட்டும். 1921 மாப்பிள்ளைக் கலவரத்துக்குப் பின் நாடுகடத்தப்பட்டவர்கள் தங்கள் ஊர்ப்பெயரைக் கையோடு கொண்டுவந்தது. நம் ஆட்களும் எங்கே போனாலும் உண்டு. கடைத்தெருவில் ராமநாதபுரத்துத் தமிழ் காதில் விழும்.

வந்த புதிதில் எனக்குப் புரியாத ஒரு சொல், 'ப்ரி ஃபார்ட்டிடூ'. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டார். ஏதோ ராணுவப் பிரிவு என்று நினைத்துவிட்டேன். 1942-க்கு முன்பே இந்தத் தீவில் வாழ்ந்த குடும்பம் என்று அர்த்தம். அரசு ஒதுக்கீட்டுப் பட்டியலிலேயே இந்த 1942 கணக்கு இருக்கிறது. நம் ஊரில் 1947-க்கு முன், பின் என்று பேசுவோம். இங்கே கோடு ஐந்து வருஷம் முன்னாலேயே விழுந்துவிட்டது. ஏனென்றால் 1942 மார்ச் 23-ல் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. 1945 அக்டோபர் வரை பிரிட்டிஷ்காரர்கள் திரும்பவில்லை. அந்தப் பெரியவர் அதை 'ஜப்பான் டைம்' என்பார். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அந்தக் காலத்தைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவரிடம் என்னால் வாங்க முடியவில்லை.

சரி, அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளையும் தங்கமணியையும் கிளப்பினேன். ஹிரோஷிமா பழக்கம், வேறென்ன.

பெரார்கஞ்சிலிருந்து போர்ட் பிளேருக்கு விம்பர்லிகஞ்ச் வழியாக பேம்பூ பிளாட் வந்து, வண்டியோடு படகில் ஏறினால் எதிர்க்கரை சாத்தம். (போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படை அனுப்பி அடித்ததே ஸ்ரீவிஜயத்தைத்தானே, சோழர் நினைவாக வைக்கிற பெயரா இது என்று என் மகள் கேட்டாள். அவனுடைய மெய்க்கீர்த்தியில் நிக்கோபாருக்கு மாநக்கவாரம் என்று அருமையான பெயர் இருக்கிறது, யாரும் நம்மைக் கேட்கவில்லை. படகுக்காரர் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்.)

சாத்தம் மரஅறுப்பு ஆலை 1883-ல் தொடங்கியது. உள்ளே வனத்துறையின் மர அருங்காட்சியகம் இருக்கிறது. படாக் மரத்தின் அந்தச் செக்கச்சிவந்த நிறத்தைப் பார்க்கவே போகலாம். பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது வளாகத்தில் இருக்கும் பெரிய பள்ளம். 1942-ல் ஜப்பானிய விமானம் போட்ட குண்டு. 'ஹிரோஷிமாவில ஜப்பான்காரங்க மேலதானே குண்டு போட்டாங்கன்னு சொன்னீங்க?' என்றான் சின்னவன். போட்டார்கள்தான். நான் அவனுக்குச் சொன்ன கதை அங்கே தொடங்கி அங்கேயே முடிந்துவிட்ட கதை. தவறு என்னுடையது.

அடுத்து சாகரிகா. அரசுக் கைவினைப் பொருள் விற்பனைக்கூடம். சிப்பி விளக்கு, மூங்கில் கூடை, படாக் மரத்தில் ஆமை. தங்கமணி விலை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குக் கண்ணில் பட்டது உள்பக்கம் முத்துப்போல் மின்னும் டிரோக்கஸ், டர்போ சிப்பிகள். இந்தச் சிப்பிகளுக்கு ஒரு கதை உண்டு, எந்த அட்டையிலும் எழுதி நான் பார்க்கவில்லை. 1929 வாக்கில் இந்தக் கடலில் இவற்றை மூழ்கி எடுக்க ஆரம்பித்தவர்கள் ஜப்பானிய மீனவர்கள். பிரிட்டிஷ் அரசு உரிமம் கொடுத்தது. தூத்துக்குடியில் சங்கு குளிப்பதைப் போல ஒரு தொழில், ஆனால் எடுத்தது பூஜைக்கு அல்ல, சட்டைப் பட்டனுக்கு. பிளாஸ்டிக் வருவதற்கு முன் உலகத்தின் நல்ல சட்டைகளுக்கெல்லாம் சிப்பிப் பட்டன்தான். எவ்வளவு வேகமாக எடுத்தார்கள் என்றால், சிப்பி எத்தனை வருஷத்தில் வளரும், எவ்வளவு எடுத்தால் தாங்கும் என்று பார்க்க ஸ்ரீனிவாச ராவ் என்ற இந்திய விலங்கியலாளர் 1930-களில் இங்கே ஆராய்ச்சி செய்து எழுத வேண்டியிருந்தது. அந்த மீனவர்களில் சிலர் கடலாழத்தையும் துறைமுகத்தையும் சேர்த்தே அளந்தார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். எத்தனை பேர் மீனவர், எத்தனை பேர் ஒற்றர் என்று இனிமேல் பிரித்துச் சொல்வது கஷ்டம். தலைகீழ் முடியை எடுக்கும் குமானோ அம்மாவின் கத்தி இங்கே உதவாது.

(விடுமுறைக்கு இங்கே வருகிறவர்கள் கவனிக்க: இந்தச் சிப்பி வகைகளை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கடற்கரையில் பொறுக்கியதைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையம் போகாதீர்கள். பவழம் கூடவே கூடாது.)

மானிடவியல் அருங்காட்சியகத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஜாரவாக்களின் மரப்பட்டை மார்க்கவசத்தைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, அவர்கள் உயிரோடு வாழும் காட்டின் ஓரத்துக்கே வீடு திரும்புகிறவன் நான். எங்களூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஜிர்காடாங் சோதனைச்சாவடி. அந்தச் சங்கடம் இன்றைக்கு வேண்டாம். சமுத்ரிகாவின் நீலத்திமிங்கல எலும்புக்கூடு பிள்ளைகளுக்கு, எனக்கு அங்கே குளிர்சாதனம்.

செல்லுலார் ஜெயிலுக்குத்தான் நான் உண்மையில் போனது. 1906-ல் கட்டி முடித்தது. நட்சத்திரம் போல ஏழு சிறகு, மிஞ்சியிருப்பது மூன்று. 1979 முதல் தேசிய நினைவிடம். செக்கிழுத்து ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய், தேங்காய் மட்டையை அடித்துக் கயிறு என்று கைதிகளிடம் வாங்கிய வேலையைப் பொம்மை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கைப் பாடத்தில் படித்தவர்களுக்கு அது புதிதல்ல, ஆனாலும் நின்றுவிட்டோம். சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சியில் அரச மரம் கதை சொல்கிறது. நேதாஜிக்கென்று தனியாக ஒரு கூடம்.

நேதாஜி 1943 டிசம்பர் 29-ல் இங்கே வந்து 31 வரை இருந்தார். 30-ந்தேதி கொடியேற்றினார். அந்தமானுக்கு ஷஹீத், நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்று பெயர் சூட்டினார். என் தாத்தா தலைமுறையில் மலேயாத் தோட்டத்திலிருந்து ஐ.என்.ஏ.வுக்குப் போகாத குடும்பமே எங்கள் பக்கம் குறைவு, அதனால் அந்தப் புகைப்படங்கள் முன்னால் பெருமையாகத்தான் நின்றேன். அப்புறம்தான் வீட்டுக்கு வந்து படித்தேன். அவர் ஜெயிலைச் சுற்றிப் பார்த்த அதே நாட்களில் வேறொரு சிறகில் திவான் சிங் என்ற டாக்டர் சித்திரவதையில் கிடந்தார். சீக்கியர், பஞ்சாபிக் கவிஞர், காலேபானி என்பது புனைபெயர். இந்திய சுதந்திர லீக்கின் அந்தமான் கிளைத் தலைவரே அவர்தான். அதாவது நேதாஜியின் சொந்த ஆள். அவர் இருந்த பக்கம் நேதாஜியை அழைத்துப் போகவில்லை. நேதாஜி கிளம்பி இரண்டு வாரத்தில், 1944 ஜனவரி 14-ல் திவான் சிங் இறந்தார். நேதாஜிக்குத் தெரிந்திருந்ததா என்று இங்கே இன்றும் வாக்குவாதம் உண்டு. கூடவே ஜப்பானிய அதிகாரிகள், மூன்று நாள், வேறு யாரிடமும் தனியாகப் பேச வாய்ப்பில்லை. தெரிந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். நினைக்க ஆசைப்படுகிறேன் என்பது இன்னும் சரி.

என்ன குற்றம்? உளவு. இதில் ஒரு கொடுமை இருக்கிறது. உளவு நடந்தது உண்மை. முன்பு இங்கே போலீஸ் அதிகாரியாக இருந்த மெக்கார்த்தி என்ற வெள்ளைக்காரர் 1943 ஜனவரியில் டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் ஒரு சிறு குழுவோடு வந்து காட்டில் இறங்கினார். செய்தி சேகரித்தார், பத்திரமாகத் திரும்பியும் போனார். தகவல் எப்படி வெளியே போகிறது என்று தெரியாத ஜப்பானியர்கள், ஊரில் படித்தவன், ஆங்கிலம் தெரிந்தவன், முன்பு அரசு உத்தியோகம் பார்த்தவன் என்று பிடித்து அடித்தார்கள். அடி தாங்காமல் ஒருவர் சொன்ன பெயர், அவர் சொன்ன இன்னொரு பெயர் என்று பட்டியல் நீண்டது.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் ஹம்ப்ரிகஞ்ச் போனேன். வண்டூர் பக்கம் போகும் வழி. ஜாலி பாய் தீவுக்குப் படகேறப் பறக்கும் சுற்றுலா வண்டிகள் அந்தப் பக்கம்தான் போகும், அநேகமாக நிற்பதில்லை. அங்கே 1944 ஜனவரி 30-ல் 44 இந்தியர்களைக் கொண்டுபோய் நிறுத்திச் சுட்டுப் புதைத்தார்கள். பெரும்பாலோர் சுதந்திர லீக்கில் இருந்தவர்கள். பலிதான் வேதி என்று நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜனவரி 30-ல் மாலை போடுகிறார்கள். நான் போனது சாதாரண ஞாயிறு, என்னைத் தவிர யாருமில்லை. ஹிரோஷிமா பழக்கத்தில் ஏதாவது ஒரு பொருளைத் தேடினேன். மூக்குக்கண்ணாடி, பேனா, ஒரு செருப்பு. பார்வைக்கு எதுவும் இல்லை. வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனவர்களின் பொருளை யார் எடுத்து வைத்திருப்பார்கள்? திவான் சிங்குக்கு ஒரு அருங்காட்சியகம் உண்டு, ஆனால் அது பஞ்சாபில், சண்டிகர் பக்கம் சிஸ்வானில்.

இந்தக் கதையில் நம் ஆள் ஒருவர் இருக்கிறார். ஏ.டி. லோகநாதன். ஆற்காடு துரைசாமி லோகநாதன், ராணுவ மருத்துவர், ஐ.என்.ஏ. அதிகாரி. நேதாஜி அவரைத் தலைமை ஆணையராக நியமித்து, 1944 பிப்ரவரியில் இங்கே வந்து சேர்ந்தார். 44 பேரைச் சுட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெயருக்குத் தீவு முழுவதும் ஆசாத் ஹிந்த் அரசின் கையில். உண்மையில் ஜப்பானியர்கள் அவர் கையில் கொடுத்தது கல்வித்துறை. போலீஸைக் கேட்டார், உளவு வழக்குகள் முடியட்டும் என்று தட்டிக் கழித்தார்கள். அடிபட்டவர்களின் குடும்பங்கள் தமிழ்க்காரர் கமிஷனராக வந்திருக்கிறார், இந்தியர்தானே, கேட்பார் என்று வாசலில் நின்றிருக்க மாட்டார்களா? கையெழுத்துப் போட அதிகாரமில்லாத நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த மனுஷனின் நிலைமை புரியும். அதே ஆண்டிலேயே தீவைவிட்டுக் கிளம்பினார். அடுத்த ஆண்டு ரங்கூனிலிருந்து நேதாஜி வெளியேறியபோது அங்கே மிஞ்சிய ஐ.என்.ஏ. வீரர்களையும் ஊரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இவர் தலையில்தான் விழுந்தது. சென்னையில் அவர் பெயரில் ஒரு தெருவாவது இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசிக் கொடுமை 1945 ஆகஸ்டில். தீவில் அரிசி இல்லை. சாப்பிடும் வாய்களைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். விவசாயம் செய்ய நல்ல நிலம் தருகிறோம் என்று நூற்றுக்கணக்கான பேரைக் கப்பலேற்றி, அப்போது ஆளில்லாத ஹாவ்லக் தீவுக்குக் கொண்டுபோய், கரைக்கு முன்பே கடலில் தள்ளினார்கள். நீந்திக் கரையேறியவர்கள் பட்டினியில் செத்தார்கள். உயிரோடு மீண்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். எந்த ஆகஸ்ட் என்று பாருங்கள். அந்தப் பையன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அதே ஆகஸ்ட். இரண்டு இடத்திலும் சோறுதான். ஹாவ்லக்குக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். தேனிலவுக்கு நீங்களும் போயிருப்பீர்கள், ராதாநகர் கடற்கரை அங்கேதான். நீங்கள் வந்திறங்கிய ஓடுபாதை இருக்கிறதே, அதன் தொடக்கமும் உள்ளூர்க்காரர்களைக் கட்டாயமாக வேலை வாங்கி ஜப்பானியர் போட்டதுதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, ஹிரோஷிமாவில் நான் அழுதது வீணா என்று சில நாள் குழப்பமாக இருந்தது. இல்லை. சாப்பாட்டு டப்பாக்காரப் பையன் யாரையும் ஹம்ப்ரிகஞ்சுக்கு அனுப்பவில்லை. ஹிரோஷிமா நினைவுப் பூங்காவிலேயே, குண்டில் செத்த கொரியர்களுக்கு 1970-ல் எழுப்பிய நினைவுக்கல் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. 1999-ல்தான் உள்ளே வந்தது. உள்ளே வரவே 29 வருஷம். அவர்கள் ஊரில் செத்தவர்களுக்கே அப்படி.

இடிந்த மேனியாக எல்லாப் படத்திலும் நிற்கிறதே அந்தக் குண்டுக் கோபுரம், அது 1915-ல் என்னவாகக் கட்டப்பட்டது தெரியுமா? உள்ளூர்ப் பொருட்களுக்கான கண்காட்சிக் கூடம். அதாவது ஹிரோஷிமாவின் சாகரிகா. செக் நாட்டுக்காரர் ஒருவர் வரைந்து கொடுத்தது. அங்கே நின்றபோது இதைப் படித்துவிட்டுக் கடந்து போனேன். சாகரிகாவில் சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

பயிற்சியில் கூட இருந்த ஜப்பானிய நண்பர் ஒருவர் புத்தாண்டுக்கு மறக்காமல் மடல் அனுப்புவார். இந்த வருஷம் பதில் எழுதும்போது ஹம்ப்ரிகஞ்சில் எடுத்த படத்தை வைத்து, 1944 ஜனவரி 30, 44 பேர் என்று மட்டும் எழுதினேன். அனுப்பிவிட்டு, நட்பு போச்சு என்று தங்கமணியிடம் சொன்னேன். மூன்று வாரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு வரி வந்தது. அந்த ஊர்ப் பெயரை எப்படி உச்சரிப்பது, மெதுவாகச் சொல்லிப் பதிவு செய்து அனுப்ப முடியுமா, தன் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார். சின்னவனைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினேன். ஹம்ப்ரிகஞ்ச். மூன்று முறை.